கல்யாணம் செல்லாது என்று தீர்ப்பு வந்தால் எது போகும், எது நிற்கும்?

"டைவர்ஸ்னு பேர் வேண்டாம், கல்யாணமே செல்லாதுன்னு வாங்கிடுங்க." பஞ்சாயத்து முற்றும்போது யாராவது ஒரு மாமா இதைச் சொல்லிவிடுவார். இந்து திருமணச் சட்டம், 1955-இல் அதற்கு வழி இருக்கிறது. ஆனால் அந்தத் தீர்ப்பு எல்லாவற்றையும் துடைத்துவிடாது.

பிரிவு 11-இல் வருவது பிறக்கும்போதே செத்த கல்யாணம்: முதல் மனைவியோ கணவனோ இருக்கும்போதே நடந்தது, விலக்கப்பட்ட உறவுக்குள் நடந்தது. அக்கா மகளைக் கட்டியதைக் காட்டி வழக்குப் போட நினைப்பவர்கள் கவனிக்க: இரு வீட்டிலும் அந்த வழக்கம் உண்டென்றால் சட்டமே விலக்குத் தருகிறது.

பிரிவு 12 வேறு. தாம்பத்தியத்துக்கு இயலாமை, மனநலக் குறை, மிரட்டல், மோசடி, கல்யாணத்தின்போதே வேறொருவரால் கர்ப்பம் ஆகியவை இதில் வரும். இங்கே தீர்ப்பு வரும்வரை கல்யாணம் செல்லும். மனுவே போடாமல் கணவர் இறந்துவிட்டால் மனைவி அவருக்கு வாரிசுதான். அவர் வீட்டார் பின்னால் வந்து மோசடி என்று கிளப்ப முடியாது.

பெரும்பாலான மோசடி வழக்குகள் தோற்பது தேதியில்தான். உண்மை தெரிந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனு போட வேண்டும். தெரிந்தபின் விரும்பிச் சேர்ந்து வாழ்ந்திருந்தாலும் வழக்குப் போச்சு. "பெரியவங்க சொன்னாங்கன்னு மூணு மாசம் இருந்து பார்த்தேன்" என்று குறுக்கு விசாரணையில் வாயைவிட்டால் எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அதுவே போதும். தெரிந்த தேதியைக் காட்ட ஆஸ்பத்திரிச் சீட்டு, வக்கீல் நோட்டீஸ், வாட்ஸ்அப் செய்தி உதவும். வாட்ஸ்அப் என்றால் புதிய சாட்சியச் சட்டத்தின் (பாரதிய சாக்ஷிய அதினியம், 2023) பிரிவு 63 கேட்கும் மின்னணு ஆவணச் சான்றிதழும் சேர்க்க வேண்டும். கர்ப்பம் காரணமென்றால் ஓராண்டு கல்யாண நாளிலிருந்தே ஓடும். விவாகரத்துக்கு உள்ள 'ஓராண்டு காத்திரு' என்ற தடை இதற்குக் கிடையாது.

"கல்யாணமே இல்லையே, ஜீவனாம்சம் எதற்கு?" என்று கேட்பவர்களுக்கு 2025 பிப்ரவரியில் சுக்தேவ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் பதில் சொல்லிவிட்டது. கல்யாணம் செல்லாது என்று அறிவித்தாலும் பிரிவு 25-இன்படி நிரந்தர ஜீவனாம்சம் கேட்கலாம். வழக்கு நடக்கும்போது இடைக்கால ஜீவனாம்சமும் உண்டு. கிடைக்குமா, எவ்வளவு என்பது இருவரின் நடத்தையையும் வசதியையும் பொறுத்தது. ஒருவர் சொத்தில் மற்றவருக்குக் கணவன், மனைவி என்ற வாரிசுரிமை மட்டும் இல்லை.

குழந்தைகள் பிரிவு 16-இன்படி சட்டப்பூர்வமானவர்களே. தகராறு வருவது பூர்வீகச் சொத்தில். 2023 செப்டம்பரில் ரேவணசித்தப்பா வழக்கின் தீர்ப்பு அதைத் தெளிவாக்கியது. அப்பாவும் சித்தப்பாவும் மட்டுமே பங்காளிகள், அப்பா இறந்துவிட்டார் என்று வையுங்கள். இறப்பதற்குச் சற்றுமுன் பாகம் பிரித்ததாகக் கணக்கிட்டால் அப்பாவுக்குப் பாதி. அந்தப் பாதியில் மற்ற வாரிசுகளோடு இந்தப் பிள்ளைக்கும் பங்கு. சித்தப்பாவின் பாதியைத் தொட முடியாது. அப்பா இருக்கும்போதே பாகம் கேட்கவும் முடியாது.

கிரிமினல் வழக்கும் தானாகக் கரையாது. முதல் கல்யாணத்தை மறைத்தவர்மேல் பாரதிய நியாய சன்ஹிதா (இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) பிரிவு 82 பாயும். மறைத்த குற்றத்துக்குப் பத்தாண்டு வரை சிறை. கல்யாணமே செல்லாது என்பது வரதட்சணைக் கொடுமை வழக்குக்குத் தப்பும் வழி அல்ல என்று 2004-லேயே ரீமா அகர்வால் வழக்கில் சொல்லியாயிற்று. பெண்ணின் நகை பெண்ணுக்கே. கல்யாணத்தையொட்டி இருவருக்கும் பொதுவாக வந்த சீர்ப்பொருள் பற்றி திருமணச் சட்டத்தின் பிரிவு 27-இல் அதே நீதிமன்றத்தில் கேட்கலாம். நகைப் பட்டியலும் கடை பில்லும் மனுவோடு சேர்வது நல்லது.

தீர்ப்பு வந்ததும் அடுத்த முகூர்த்தத்துக்கு ஓட வேண்டாம். குடும்ப நீதிமன்றச் சட்டம் அப்பீலுக்கு 30 நாள் என்கிறது, திருமணச் சட்டம் 90 நாள் என்கிறது, 90 கடக்கட்டும். பிறகு சான்றிட்ட நகலை நாலைந்தாக வாங்கி, கல்யாணம் பதிந்த சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒன்றைக் கொடுங்கள். ரேஷன் கார்டு, பாஸ்போர்ட்டில் பெயர் மாற்ற மற்றவை உதவும். பேங்க், இன்சூரன்ஸ், பி.எஃப். நாமினியைத் தீர்ப்பு மாற்றாது. அங்கங்கே போய் நாமே மாற்றிக்கொள்ள வேண்டும்.