சனிக்கிழமைச் சந்தை இல்லாத பண்ணை

என் அறைத் தோழன் யூதன், யூதர்களின் வார ஓய்வுநாளான ஷப்பாத்தைக் கறாராகக் கடைப்பிடிப்பவன். வெள்ளிக்கிழமை சூரியன் மறையச் சற்று முன்பு தொடங்கி, சனிக்கிழமை இரவு நட்சத்திரம் தெரியும்வரை வேலை எதையும் தொடமாட்டான். கோடை விடுமுறையில் இருவரும் ஓர் இயற்கை வேளாண் பண்ணைக்குப் போகலாம் என்று கிளப்பியதும் அவன்தான். அமெரிக்காவின் கனெக்டிகட்டில் யூத இளைஞர்களுக்கென்றே 2003இல் தொடங்கிய 'அதமா' பயிற்சி இருக்கிறது. அங்கே உணவுக்கோ ஓய்வுநாளுக்கோ யாரிடமும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அவன் சாதாரணப் பண்ணை ஒன்றில் பழகிப் பார்க்க ஆசைப்பட்டான்.

ஆகவே இயற்கைப் பண்ணைகளில் தங்கி உழைக்க வழிசெய்யும் வூஃப் (WWOOF) அமைப்பு வழியாகப் போனோம். 1971இல் லண்டனில் செயலாளராக வேலை பார்த்த சூ காப்பர்ட் என்ற பெண், வார இறுதியில் கிராமத்துப் பக்கம் போய்வர ஒரு வழி வேண்டும் என்று தொடங்கியது, இன்று பல நாடுகளில் பரவியிருக்கிறது. எந்த நாட்டுக்குப் போகிறோமோ அந்த நாட்டு அமைப்புக்கு ஆண்டுச் சந்தா கட்டினால் பண்ணைகளின் பட்டியல் திறக்கும். அப்புறம் நாமேதான் எழுதிக் கேட்க வேண்டும். அரைநாள் உழைப்புக்குச் சாப்பாடும் படுக்கையும், சம்பளம் கிடையாது.

ஷப்பாத்தில் விலக்கப்பட்ட 39 வேலைகளை மிஷ்னா என்ற பழைய யூதச் சட்டத் தொகுப்பு அடுக்குகிறது. விதைத்தல், உழுதல், அறுத்தல், கதிர் கட்டுதல், போரடித்தல், தூற்றுதல் என்று அது தொடங்குவதை அவன் சொன்னபோது சிரித்துவிட்டேன். பண்ணையில் இவ்வளவும் போக மிச்சம் என்ன இருக்கிறது? கடிதத்தில் முடியாதவற்றை மட்டும் எழுத அவன் நினைத்தான், நான் ஒப்புக்கொள்ளவில்லை. வெள்ளி மாலையிலிருந்து இவன் இல்லை, ஞாயிறு முழுநாளும் இருவரும் உண்டு, சனிக்கிழமை கால்நடைகள் என் பொறுப்பு, இறைச்சி வேண்டாம், சமையல் பாத்திரங்களை அவனே கொண்டுவருவான் என்று எழுதினோம்.

மறுத்தவர்களில் ஒருவரும் மதத்தைக் காரணம் சொல்லவில்லை. சந்தைதான் காரணம். நாங்கள் பண்ணை தேடிய வெர்மான்ட் மாநிலத்தில் உழவர் சந்தைகள் பலவும் சனிக்கிழமை காலையில் கூடுகின்றன. அப்படியானால் வெள்ளி மாலை இருட்டும்வரை பறிப்பதும் கழுவுவதும் கட்டுக் கட்டுவதுமாக இருக்கும். அந்த நேரத்தில் உதவாத விருந்தாளி அவர்களுக்குச் சுமைதான். கடைசியில் எங்களை ஏற்றுக்கொண்டவர்கள் ஆடு வளர்த்து, சந்தாதாரர்களுக்கு வாரம்தோறும் காய்கறிப் பெட்டி கொடுக்கும் தம்பதி. பெட்டி போகும் நாள்கள் செவ்வாயும் வியாழனும். ஷப்பாத் பார்ப்பவர் யார் என்னிடம் கேட்டாலும் முதலில் விற்பனை நாளை விசாரிக்கச் சொல்வேன். வீட்டுக்காரர் நல்லவரா என்பதெல்லாம் அப்புறம்.

சாப்பாடு எளிது என்று நினைத்திருந்தேன். காய்கறியில் கோஷர் என்னும் யூத உணவு விதிப் பிரச்சினை என்ன வரப்போகிறது? வந்தது. பூச்சி உண்பதை யூத மறைநூலான தோரா தடுக்கிறது. மருந்தடிக்காத தோட்டத்து இலையில் அசுவினி இல்லாமல் இருக்குமா? கேல் கீரையைச் சோப்புத் துளி விட்ட தண்ணீரில் ஊறவைத்து, அலசி, ஒவ்வோர் இலையாக விளக்குக்கு நேரே பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பான். இலைச் சுருக்கத்துக்குள் சாம்பல் பூத்ததுபோல் அப்பிக்கிடக்கும் அசுவினியை அவன் காட்டிய பிறகு எனக்கும் கேல் இறங்கவில்லை. காலிஃபிளவரை மஞ்சளும் உப்பும் போட்ட வெந்நீரில் முக்கி எடுக்கும் அம்மாவின் வழக்கத்தைச் சொன்னேன். செய்து பார்த்தான், ஆனாலும் விளக்கை விடவில்லை. ப்ரோக்கோலியில் பூவை ஒதுக்கிவிட்டுத் தண்டை மட்டும் தின்றான். ஆட்டுப் பாலிலும் ஒரு விதி உண்டு. கறக்கும்போது யூதர் ஒருவர் பார்த்திருக்க வேண்டும். அதனால் வார நாள்களில் விடியற்காலையிலேயே கொட்டிலில் வந்து நிற்பான்.

சனிக்கிழமை பால் கறப்பது என் வேலை. பாத்திரத்தை உதைக்கவென்றே காத்திருக்கும் ஓர் ஆடு அங்கே இருந்தது. கால்நடைக்குத் தீனி வைக்க ஷப்பாத்தில் தடையில்லை. நீ உண்ணும் முன் உன் விலங்குக்குக் கொடு என்பது மிஷ்னாவை விளக்கும் தல்மூது. கோழிகளுக்குத் தீனியும் தண்ணீரும் வைத்துவிட்டுத்தான் அவன் சாப்பிட உட்காருவான். அன்று இட்ட முட்டையை மட்டும் தொடமாட்டான், நான் பொறுக்க வேண்டும். வெள்ளி பிற்பகலிலேயே பீன்ஸ், பார்லி, உருளைக்கிழங்கு போட்டு ஸ்லோ குக்கரை ஏற்றிவிடுவான். மறுநாள் மதியம் வீடே அந்தச் சோலன்ட்டுக்காகக் காத்திருக்கும்.

எல்லாம் சுமுகமாகப் போனது என்று சொல்லமாட்டேன். ஒரு சனிக்கிழமை, அறுத்த புல் வயலில் காய்ந்துகொண்டிருந்தபோது மேகம் கூடியது. எல்லோரும் ஓடினோம். அவன் திண்ணையில் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தான். மனித உயிருக்கு ஆபத்து என்றால் ஷப்பாத்தை மீறலாம், மீறவும் வேண்டும். புல் நனைவது அந்தக் கணக்கில் வராது. கடிதத்தில் எல்லாம் எழுதியிருந்தும் வீட்டுக்காரர் முகம் கொடுத்துப் பேசவில்லை. உண்மையில் எனக்கே எரிச்சல்தான். மறுநாள் யாரும் எழும் முன்பே அவன் கொட்டில் சாணம் முழுவதையும் அள்ளி முடித்திருந்தான். வீட்டுக்காரர் அதைப் பற்றியும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அன்று காலை மூவருக்கும் காபி போட்டது அவர்தான்.

அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு இன்னும் இரண்டு செய்திகள். லைம் நோயைப் பரப்பும் உண்ணிகள் வெர்மான்ட்டில் அதிகம். கால்சட்டையைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள், மாலையில் முழங்கால் மடிப்பையும் அக்குளையும் பாருங்கள். எங்கள் இருவருக்கும் குடியுரிமை இருந்ததால் விசாச் சிக்கல் இல்லை. மாணவர் விசாவில் இருப்பவர்கள் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் கேட்காமல் கிளம்ப வேண்டாம். சம்பளம் இல்லாவிட்டாலும் சாப்பாடும் தங்குமிடமும் கூலியாகக் கருதப்படக்கூடும்.