ஏழு மாதத்தில் குறைத்த எடையைப் பிடித்து வைக்க நான் அலைந்த அலைச்சல்

83 கிலோவிலிருந்து 66-க்கு ஏழு மாதத்தில் வந்துவிட்டேன். சோற்றைக் குறைத்து, இனிப்பை நிறுத்தி, காலையில் நடந்தேன், அவ்வளவுதான். அதற்கு அப்புறம் நடந்ததைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எடை குறைந்ததும் டயட்டீஷியன் "இனி இதைச் சாப்பிட்டால் போதும், அப்படியே நிற்கும்" என்று புது அட்டவணை கொடுத்தார். அதில் இருந்ததைத்தான் சாப்பிட்டேன். மாதம் அரைக் கிலோ ஏறியது. எட்டு மாதத்தில் 70. ஒவ்வொரு முறையும் என் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, சிவப்புப் பேனாவை ஒரு பக்கத்தில் வைத்து, "எழுதாம விட்டது என்னன்னு சொல்லுங்க" என்பார். காபியில் போட்ட அரை ஸ்பூன் சர்க்கரையைக்கூட எழுதியிருந்தேன். ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்து இரண்டே நாளில் ஒன்றரைக் கிலோ கூடியபோது அவர் பேசிய பேச்சில் வீட்டுக்கு வந்து அழுதேன். அதில் பெரும்பகுதி தண்ணீர் என்பது பிற்பாடுதான் தெரிந்தது. மாவுச்சத்தை உடம்பு கிளைக்கோஜனாகச் சேமிக்கும்போது ஒரு கிராமுக்குச் சுமார் மூன்று கிராம் தண்ணீரையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளுமாம். இதைச் சொல்லியிருந்தால் ஒரு வாரத் தூக்கம் மிஞ்சியிருக்கும்.

தோழி ஒருத்தி சொல்லித்தான் ஹார்மோன் டாக்டரைப் பார்த்தேன். அவர் நோட்டைப் படித்துவிட்டு என்னைச் சந்தேகப்படவில்லை. "சும்மா படுத்திருக்கும்போது உங்க உடம்பு எவ்வளவு எரிக்குதுன்னு அளந்துடலாம்" என்று சென்னைக்கு எழுதிக் கொடுத்தார். மூச்சில் உள்ளே போகும் ஆக்சிஜனையும் வெளியே வரும் கார்பன் டை ஆக்சைடையும் அளந்து கணக்குப் போடும் பரிசோதனை அது.

போனில் அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போது "காபி குடிக்கலாமா?" என்று கேட்டேன். "குடிக்கலாம் மேடம், டிபன் மட்டும் வேண்டாம்" என்றார்கள். திருச்சியிலிருந்து மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் ராத்திரி முழுக்க உட்கார்ந்தே வந்து, எழும்பூர் ஸ்டேஷன் வாசலில் ஒரு காபி குடித்துவிட்டுப் போனால், டெக்னீஷியன் முதல் கேள்வியே "காபி குடிச்சீங்களா?" என்றுதான் கேட்டார். காஃபின் உள்ளே போனால் எரியும் அளவு கூடிவிடும், ரிசல்ட் செல்லாது, இன்னொரு நாள் வாங்க என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். போனில் பேசியது யாரென்று கேட்டதற்குப் பதிலே இல்லை. ஒரு நாள் லீவு, டிக்கெட், எல்லாம் போச்சு.

அதனால் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். முந்தின இரவு சாப்பாட்டுக்குப் பிறகு தண்ணீர் தவிர எதுவும் வேண்டாம். காபி, டீ கூடவே கூடாது. முதல் நாள் கடுமையான உடற்பயிற்சி வேண்டாம். மூன்று நாளாவது வழக்கமான சாப்பாட்டையே சாப்பிடுங்கள், விருந்து சாப்பிட்டுவிட்டுப் போனால் எண் மாறும். வெளியூர்க்காரர்கள் முதல் நாளே போய்த் தங்கித் தூங்கி எழுந்து போங்கள்.

இரண்டாவது தடவை சித்தி வீட்டில் தங்கிப் போனேன். தலைக்கு மேல் கண்ணாடி மாதிரியான ஒரு பிளாஸ்டிக் கூண்டைக் கவிழ்த்து, ஓரத்தில் துணியைச் செருகிவிட்டு, தூங்கக் கூடாது, அசையக் கூடாது என்றார்கள். இருபது நிமிடம். விசிறிச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. கையில் வந்த தாளில், என் வயது, உயரம், எடைக்குச் சூத்திரப்படி ஓய்வில் ஒரு நாளைக்கு 1,316 கலோரி எரிய வேண்டும் என்றும், அளந்ததில் 1,170 என்றும் இருந்தது. வித்தியாசம் 146. ஒரு கிலோ கொழுப்புக்குச் சுமார் 7,700 கலோரி என்று வைத்து அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். மாதம் அரைக் கிலோவுக்கு மேலேயே வந்தது. நான் பொய் சொல்லவில்லை என்பதற்கு ஒரு தாள் கிடைத்துவிட்டது.

தாளில் இன்னொரு எண்ணும் இருந்தது, 0.88. வெளியே விட்ட கார்பன் டை ஆக்சைடை, உடம்பு எடுத்துக்கொண்ட ஆக்சிஜனால் வகுத்தால் வருவது அது. கொழுப்பை மட்டும் எரித்தால் 0.7-க்குப் பக்கமும் மாவுச்சத்தை மட்டும் எரித்தால் 1-ம் வருமாம். வெறும் வயிற்றில் 0.88 என்றால் என் உடம்பு கொழுப்பை அதிகம் தொடவில்லை என்று டாக்டர் விளக்கினார். எடை குறையும்போது கொழுப்புச் செல்கள் சுருங்குகின்றனவே தவிர எண்ணிக்கையில் குறைவதில்லை (ஸ்டாக்ஹோம் கரோலின்ஸ்கா நிறுவனத்தார் 2008-ல் காட்டியது). சுருங்கிய செல்கள், கொழுப்பு போதுமான அளவு இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் லெப்டின் என்ற ஹார்மோனைக் குறைவாகச் சுரக்கும், மூளை அதைப் பஞ்சம் என்று எடுத்துக்கொண்டு பசியைக் கூட்டும், எரிப்பதைக் குறைக்கும். மெல்போர்னில் எடை குறைத்தவர்களைப் பரிசோதித்து 2011-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு வருடம் கழித்தும் பசி ஹார்மோன்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லையாம். அமெரிக்க டிவி போட்டி ஒன்றில் எடை குறைத்த 14 பேரை ஆறு வருடம் கழித்து அளந்தபோது, எதிர்பார்த்ததைவிட நாளுக்குச் சுமார் 500 கலோரி குறைவாக எரித்துக்கொண்டிருந்தார்கள். என்னுடைய 146 அதற்கு முன்னால் ஒன்றுமில்லை.

டாக்டர் கேட்ட ஒன்றை மட்டும் என்னால் கொடுக்க முடியவில்லை. டயட்டுக்கு முன்னால் கொழுப்பு எவ்வளவு, தசை எவ்வளவு என்று ஜிம்மில் எடுத்த சீட்டு. ஃபைலில் பத்திரமாகத்தான் இருந்தது, ஆனால் பஸ் டிக்கெட் தாள் மாதிரியானது என்பதால் முழுக்க வெளுத்துப்போய் ஓரத்தில் தேதி மட்டும் மங்கலாகத் தெரிந்தது. ஜிம்மில் மெஷினை மாற்றிவிட்டார்களாம், பழைய ரெக்கார்டும் இல்லை. 17 கிலோவில் தசை எத்தனை கிலோ போனது என்பது எனக்கு இனி தெரியவே தெரியாது. சீட்டு கையில் வந்த நிமிடமே போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது அளந்த எண்ணை வைத்துத்தான் என் சாப்பாட்டுக் கணக்கு. இரவுத் தோசை ஒன்று குறைந்தது. முட்டை, சுண்டல், பருப்பு கூடின. நடையோடு வாரம் மூன்று நாள் எடை தூக்குகிறேன், தசை போனால் எரிவதும் குறையும் என்பதால். எடை பார்ப்பது ஞாயிறு காலை மட்டும். பதினோரு மாதமாக 68-லேயே நிற்கிறது. 66-க்குத் திரும்ப வேண்டும் என்று டாக்டரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

தாளைக் காட்டியபோது வீட்டுக்காரர் இரண்டு தடவை படித்தார். ராத்திரி ஃபிரிட்ஜ் திறக்கிற சத்தம் கேட்டதாக ஒரு நாள் சொல்லியிருந்தவர் அவர். "நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்றார். டயட்டீஷியனுக்கு ஒரு ஜெராக்ஸ் அனுப்பினேன், இன்னும் பதில் வரவில்லை. அடுத்த மாதம் மறுபடியும் அளக்கப் போகிறேன், சித்தியிடம் இப்போதே சொல்லி வைத்தாயிற்று, காலையில் காபி போட வேண்டாம் என்று.