31 ஆண்டுகள், ஒரு கீறல் இல்லை

மார்ச் 3, திங்கள்

விபத்துக்குப் பிறகு மருத்துவமனையில் கிடக்கும் என் கணவர் இன்றும் அதையே சொன்னார். செவிலியரிடம் ஒருமுறை, பக்கத்துக் கட்டில்காரரிடம் ஒருமுறை, எக்ஸ்ரேவுக்கு அழைத்துப்போக வந்தவரிடம் ஒருமுறை. "31 வருடமாக ஓட்டுகிறேன். வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை. அந்தப் பையன் திடீரென்று முளைத்தான்."

முளைத்தான் என்ற சொல்லில் மட்டும் ஒவ்வொரு முறையும் அதே அழுத்தம். நான் தலையாட்டினேன். ஆட்டியிருக்கக் கூடாது.

மார்ச் 4, செவ்வாய்

பையன் கண் திறக்கவில்லை. இரண்டு மாடி மேலே இருக்கிறான்.

மார்ச் 5, புதன்

தூக்கம் வரவில்லை. விடியும்வரை படித்தேன்.

1965இல் பிரஸ்டன், ஹாரிஸ் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் விபத்தில் அடிபட்டு மருத்துவமனையில் கிடந்த 50 ஓட்டுநர்களிடம் போய், உங்கள் ஓட்டும் திறமையை எப்படி மதிப்பிடுவீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். விபத்தே செய்யாத இன்னொரு 50 பேரிடமும் அதே கேள்வி. இரண்டு கூட்டத்தின் பதிலும் ஏறக்குறைய ஒன்றுதான். கட்டுப் போட்ட காலோடு படுத்திருந்தவர்களும் தங்களைத் தேர்ந்தவர்கள் என்ற பக்கமாகவே வைத்துக்கொண்டார்கள். போலீஸ் பதிவின்படி அந்த 50 பேரில் 34 பேரின் விபத்துக்கு அவர்களே பொறுப்பு.

முதலில் கோபம் வந்தது. பிறகு அந்த 34 பேரையும் ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தேன். பொய் சொல்லியிருக்க மாட்டார்கள். இவரும் சொல்லவில்லை. கண்ணை மூடிக்கொண்டால் இவருக்கு அந்த வளைவு தெரிகிறது, காலியான சாலை தெரிகிறது, அடுத்த கணம் சத்தம். நடுவில் பையன் இல்லை.

மார்ச் 7, வெள்ளி

மகளின் வண்டியில் நானே போய்வந்தேன். இனி தினமும் நான்தான்.

ஒன்று முடிவு செய்திருக்கிறேன். மயிரிழையில் தப்பியவற்றை அன்றன்றே எழுதிவிட வேண்டும். சாப்மன், அண்டர்வுட் என்ற இருவர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வைப் பார்த்த பிறகு இது கட்டாயம் என்று தோன்றியது. இப்படித் தப்பிய சம்பவங்களில் ஏறக்குறைய 80 விழுக்காடு இரண்டு வாரத்துக்குள் ஓட்டுநரின் நினைவைவிட்டே போய்விடுகிறதாம். அப்படியென்றால் 31 ஆண்டு என்று இவர் சொல்லும் கணக்கில் எத்தனை காணாமல் போயிருக்கும்? என் 22 ஆண்டுகளில்?

இன்று மூன்று. ஸ்கூட்டர்காரர் குறுக்கே வந்தார். பேருந்து சைகை காட்டாமல் கிளம்பியது. மூன்றாவது, நான் திரும்பும்போது பின்னால் வந்த கார்க்காரர் ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தார்.

மூன்றாவதை மீண்டும் படித்துப் பார்க்கிறேன். திரும்பியது நான். அவர் நேராக வந்துகொண்டிருந்தார். ஆனால் என் வாக்கியத்தில் குற்றவாளி அவர். மூன்று வாக்கியத்திலும் தவறு செய்தது வேறு யாரோதான்.

மார்ச் 8, சனி

மகள் உடன் வந்தாள். எனக்குத் தெரியாமல் அவளும் எண்ணியிருக்கிறாள். வீட்டுக்கு வந்து என் தாளைக் கேட்டாள். என் தாளில் இரண்டு, இரண்டும் பிறர் செய்தவை. அவளுடையதில் ஐந்து. ஐந்தும் நான்.

"நடைபாதைக் கோட்டருகே மஞ்சள் குடையோடு ஒரு பெண் நின்றாரே, அம்மா. சாலையில் ஒரு கால் வைத்துவிட்டு உங்களைப் பார்த்ததும் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்."

எந்தப் பெண்? நான் எந்தப் பெண்ணையும் பார்க்கவில்லை.

"அதைத்தான் சொல்கிறேன்," என்றாள்.

இரவு பத்து மணிக்கு எழுதுகிறேன், இன்னும் அந்தக் குடை என்னை விடவில்லை. பார்த்திருந்தால் எழுதியிருப்பேன், வருந்தியிருப்பேன், நாளை அதே இடத்தில் வேகத்தைக் குறைத்திருப்பேன். பார்க்காததை எந்தத் தாளில் எழுதுவது? என் 22 ஆண்டுப் பதிவு சுத்தமாக இருப்பதற்குக் காரணம், யார் யாரோ காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டது. அவர்களில் ஒருவர் முகம்கூட எனக்குத் தெரியாது.

மார்ச் 10, திங்கள்

காலையில் அளவுநாடாவை எடுத்துக்கொண்டு வண்டியில் போய் உட்கார்ந்தேன். முன்கண்ணாடிக்கும் பக்கக் கண்ணாடிக்கும் நடுவே ஒரு தூண் நிற்கிறதே, அதன் அகலம் பத்து சென்டிமீட்டர். என் கண்ணிலிருந்து 70 சென்டிமீட்டர் தூரம். மகளை இருபது மீட்டர் தள்ளி நிற்கச் சொன்னேன். இரண்டு அடி இந்தப் பக்கம் நகர், இன்னும் கொஞ்சம், அவ்வளவுதான். மகள் இல்லை. இரண்டு கண்ணும் திறந்திருக்கின்றன, வெளிச்சம் நன்றாக இருக்கிறது, வளர்ந்த பெண் முழுதாக ஒரு தூணுக்குப் பின்னால் மறைந்துவிட்டாள்.

அதுகூட என்னை அவ்வளவு உலுக்கவில்லை. கப்பலில் வேலை பார்ப்பவர்கள் முதலில் கற்கும் பாடம் ஒன்று உண்டு: இன்னொரு கப்பல் நெருங்கி வருகிறது, ஆனால் அது தெரியும் திசை மட்டும் மாறவே இல்லை என்றால், இரண்டும் மோதப்போகின்றன. சாலையிலும் அதே வடிவகணிதம். குறுக்குச் சாலையில் சீரான வேகத்தில் வரும் சைக்கிள், நேர்ச்சாலையில் சீரான வேகத்தில் வரும் கார், இரண்டும் ஒரே புள்ளிக்கு ஒரே நேரத்தில் வருவதாக இருந்தால், காரோட்டியின் கண்ணுக்குச் சைக்கிளின் திசை மாறாது. தூணுக்குப் பின்னால் தொடங்கினால் கடைசிவரை தூணுக்குப் பின்னால்தான். மோதாமல் தப்பப்போகிறவன் தூணைவிட்டு வெளியே வந்து கண்ணில் பட்டுவிடுவான். மோதப்போகிறவன் மட்டும் மறைந்தே வருவான்.

ஆக, அவர் உண்மையைத்தான் சொல்கிறார். திடீரென்று முளைத்தான்.

நிம்மதியாக இருந்தது, ஐந்து நிமிடம். அதற்குமேல் இல்லை. வளைவுகளிலும் சந்திப்புகளிலும் தலையை முன்னும் பின்னும் சற்று அசைத்தால் போதும், தூணுக்குப் பின்னால் இருப்பது தெரிந்துவிடும். நான் இப்போது செய்துபார்த்தேன், மகள் உடனே தெரிந்தாள். ஒரு கையளவு அசைவு. 31 ஆண்டுகளாக அந்தத் தூண் அவர் கண்முன் நிற்கிறது. ஒருநாளும் அவர் தலையை அசைத்து நான் பார்த்ததில்லை. நானும் அசைத்ததில்லை.

மார்ச் 11, செவ்வாய்

பையனின் அம்மாவை மின்தூக்கியில் பார்த்தேன். நான் யாரென்று அவருக்குத் தெரியாது. என் தளம் வந்ததும் இறங்கிவிட்டேன்.

மார்ச் 13, வியாழன்

"சராசரி ஓட்டுநரைவிட நான் மேல். இதை நீயே ஒப்புக்கொள்வாய்," என்றார்.

ஒப்புக்கொள்வதா வேண்டாமா என்று நாள் முழுவதும் கணக்குப் போட்டேன். பத்துப் பேரில் ஒருவர் ஐந்து விபத்து செய்திருக்கிறார், மற்ற ஒன்பது பேர் ஒன்றுகூடச் செய்யவில்லை என்றால், சராசரி அரை விபத்து. ஒன்பது பேருமே சராசரியைவிட மேல்தான். அதில் பொய் இல்லை. ஆனால் ஸ்வென்சன் என்ற ஆய்வாளர் 1981இல் கேட்ட கேள்வி அப்படிப்பட்டதல்ல. கூட்டத்தில் உங்கள் இடம் எது என்று கேட்டார். அமெரிக்க மாணவர்களில் 93 விழுக்காட்டினரும் ஸ்வீடன் மாணவர்களில் 69 விழுக்காட்டினரும் திறமையில் மேல்பாதியில் தங்களை வைத்துக்கொண்டார்கள். பாதியில் நூற்றுக்கு ஐம்பது பேருக்குத்தான் இடம் உண்டு.

சரி, 31 ஆண்டுகள் ஒன்றும் நடக்கவில்லையே, அதற்கு மதிப்பே இல்லையா? இருக்கிறது. எவ்வளவு என்பதுதான் கேள்வி. 1983இல் மருத்துவ இதழ் ஒன்றில் ஓர் எளிய விதியை விளக்கியிருந்தார்கள். n முறை பார்த்தும் ஒருமுறைகூட நடக்காத ஒன்றின் உண்மையான வாய்ப்பு, மூன்றை nஆல் வகுத்தால் வரும் அளவுவரை இருக்கலாம். அதற்குமேல் இல்லை என்று 95 விழுக்காடு நம்பலாம். மருந்துகளின் பக்கவிளைவுக்காகச் சொன்னது. 31க்குப் போட்டுப் பார்த்தேன். மூன்றை 31ஆல் வகுத்தால் ஏறக்குறைய பத்தில் ஒன்று. பத்தாண்டுக்கு ஒரு விபத்து செய்யக்கூடியவர் இவர் என்பதைக்கூட இந்தச் சுத்தமான பதிவால் உறுதியாக மறுக்க முடியவில்லை!

இன்னொரு வழியிலும் பார்த்தேன். இருபது ஆண்டுக்கு ஒரு விபத்து என்ற வகையில் ஓட்டுகிற நூறு பேரை எடுத்தால், வெறும் அதிர்ஷ்டத்தாலேயே 21 பேர் 31 ஆண்டுகளைக் கீறல் இல்லாமல் கடந்துவிடுவார்கள். அந்த 21 பேரும் கட்டிலிலிருந்து இதே வாக்கியத்தைச் சொல்வார்கள்.

அவரிடம் காட்டவில்லை. வலிக்கு மருந்து போட்டிருந்தார்கள்.

மார்ச் 15, சனி

அறுபதில்தான் வந்தாராம். "அறுபது ஒரு வேகமா?"

அங்கே வேகவரம்பு ஐம்பது.

ஆபத்தை உணர்ந்து காலைப் பிரேக்குக்குக் கொண்டுபோக ஒன்றரை வினாடி என்று வைத்துக்கொண்டேன். உலர்ந்த சாலை, நல்ல டயர். ஐம்பதில் வருபவர் ஏறக்குறைய 35 மீட்டரில் நின்றுவிடுகிறார். அறுபதில் வருபவருக்குப் பிரேக்கைத் தொடுவதற்கே 25 மீட்டர் போய்விடுகிறது. முதலாமவர் நின்றுவிட்ட அதே புள்ளியில் இரண்டாமவரின் வண்டி இன்னும் ஏறக்குறைய 43 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறது. மூன்று முறை போட்டேன். மூன்று முறையும் 43.

பத்து கிலோமீட்டர்தானே கூடுதல் என்று நானும் எத்தனை தடவை நினைத்திருக்கிறேன்.

மார்ச் 16, ஞாயிறு

விரல் அசைந்ததாம். செவிலியர் சொன்னார்.

மார்ச் 18, செவ்வாய்

அவரை வீட்டுக்கு அழைத்துவந்தேன். இருக்கையைப் பின்னுக்குத் தள்ளிக் காலை நீட்ட வைத்தோம். வழியெல்லாம் அவருடைய நல்ல கால் தரையை அழுத்திக்கொண்டே வந்தது. "பிரேக். பிரேக் பிடி. அந்த ஆளைப் பார்த்தாயா?" பார்த்தேன். அவர் சொன்ன பிறகு.

இத்தனை நாளில் எனக்குப் புரிந்தது, நல்ல ஓட்டுநர் என்ற சொல்லுக்கு நாங்கள் இருவரும் ஒரே பொருள் வைத்திருக்கவில்லை. அவருக்கு அது குறுகிய இடத்தில் ஒரே திருப்பில் வண்டியை நிறுத்துவது, மேட்டில் பின்வாங்காமல் கிளம்புவது. எனக்கு அது வேகத்தை மீறாதது, முந்தாதது. அவரவருக்குக் கைவந்ததையே அளவுகோலாக வைத்துக்கொண்டோம், அதனால் இருவருக்குமே முதல் மதிப்பெண். மஞ்சள் குடைக்காரர் எங்களுக்கு மதிப்பெண் போட்டால் எந்த அளவுகோலை எடுப்பார்?

சந்திப்பில் தலையை முன்னால் சாய்த்துப் பார்த்தேன். "என்ன செய்கிறாய்?" என்றார். கழுத்து வலி என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்?

மார்ச் 20, வியாழன்

வருகிறவர்கள் எல்லோரும் அவர் காலைப் பற்றியே கேட்கிறார்கள். ஒருவர்கூடப் பையனைப் பற்றிக் கேட்கவில்லை.

மார்ச் 22, சனி

எழுத்துமூலம் வாக்குமூலம் தர வேண்டும். வியாழன்வரை நேரம் இருக்கிறது. அவர் எழுதி வைத்திருந்த முதல் வரியைப் பார்த்தேன். 31 என்ற எண்ணில் தொடங்குகிறது.

இனி அடக்க முடியாது என்று எல்லாவற்றையும் சொன்னேன். தூண், கப்பல், 43, எல்லாம். வரிசையாகச் சொல்லவில்லை. குரல் உயர்ந்துவிட்டது. மகள் கதவருகே வந்து நின்றாள். அவர் நீண்ட நேரம் பேசவில்லை. கடைசியில், "தலையை அசைத்திருந்தால் தெரிந்திருப்பானா?" என்று கேட்டார்.

தெரிந்திருப்பான் என்றேன்.

"இதை எழுதினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும்."

பதில் சொல்லவில்லை. அந்தக் கேள்விக்கு என்னிடம் கணக்கு இல்லை.

மார்ச் 23, ஞாயிறு

பேசிக்கொள்ளவில்லை.

மார்ச் 25, செவ்வாய்

கண் திறந்தான்! அம்மாவை அடையாளம் தெரிந்துகொண்டான். வலது கையை இன்னும் தூக்க முடியவில்லை.

அவரிடம் சொன்னபோது கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழுதார். 22 ஆண்டில் நான் பார்க்காத அழுகை. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, வண்டியில் உட்கார வேண்டும் என்றார். தூணைப் பார்க்க வேண்டுமாம். காலை மடக்க முடியாதே என்றேன். கேட்கவில்லை. அரை மணி நேரம் ஆயிற்று, இருவரும் வியர்த்துப்போனோம். மகள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய் இருபது மீட்டர் தள்ளி நின்றாள்.

"சைக்கிள் எங்கே? இன்னும் கொண்டுவரவில்லையா?" என்றார்.

மார்ச் 26, புதன்

பழைய தாளைக் கிழித்துவிட்டார். புதியது மேசைமேல் இருக்கிறது, நான் இன்னும் படிக்கவில்லை.

இன்று போகும்போது இரண்டு, வரும்போது ஒன்று. மூன்றும் என்னுடையவை. வரும்போது நடந்ததை வரிசை மாறாமல் எழுத வேண்டும், அதே நடைபாதைக் கோட்டருகேதான், இந்த முறை நின்றது ஒரு முதியவர், அவர் கைத்தடியை முதலில் வைத்தார், நான் தலையைச் சாய்த்தேன், ஆனால் அதற்குள். மகள் கூப்பிடுகிறாள். வந்து எழுதுகிறேன்.