ரெண்டு நூலும் ஆறு மில்லியும் ஒண்ணில்ல

மூணு நாள் சாயங்காலமும் ஒரே கதை. ஸ்லெட்ல, அதாவது பலகைக்கு மேல நகர்ற தட்டுல, டிரிம்மரை (மரம் சீவுற சின்ன மிஷின்) ஓட்டி முடிச்சு வெர்னியர் அளவுகோல் வச்சுக் கனம் பார்த்தா, பலகையோட இடது முனை 17.6 மில்லி, வலது முனை 16.4. தடவிப் பார்த்தா வழவழன்னு அருமையா இருக்கு. ஆனா சரிவு. பக்கத்துத் தெரு ஆசாரி அண்ணாச்சி எட்டிப் பார்த்துட்டு, "பலகை சீவுறீயளா, ஆப்பு செய்றீயளா?"ன்னு கேட்டுட்டுப் போனார்.

மரம் பலா. 18 இன்ச் நீளம், 6 இன்ச் அகலம், பல்லாங்குழிக்கு. மலைக்கு அந்தப் பக்கம் புனலூர்ல ஒரு மில்லுல எடுத்தது. "நல்லா உணங்கியதாக்கும்"னு சத்தியம் பண்ணிக் கொடுத்தாங்க. செங்கோட்டைக்குக் கொண்டுவந்து பத்தே நாள்தான். ஆடிச் சாரல்ல நாலு மூலையும் நாலு திசைக்கு முறுக்கிக்கிச்சு. கையால இழைக்கலாம்தான், ஆனா பலாவுக்கு ரேகை அங்கங்க திரும்பும். இழைப்புளி போன இடத்துல எல்லாம் பிய்ஞ்சு வருது. அதான் இந்த ஜிக், டிரிம்மரை மட்டமா ஓட்டுற அமைப்பு.

அடியில 18 மில்லி ப்ளை, ரெண்டு பக்கமும் ரெண்டு இன்ச்சுக்கு ஒரு இன்ச் அலுமினிய பாக்ஸ் பைப், மேல 12 மில்லி ப்ளைல ஸ்லெட். முறுக்கின மூலைக்குக் கீழ பழைய கல்யாணப் பத்திரிகையைக் கிழிச்சுச் சொருகி ஹாட் க்ளூ வச்சேன். கெட்டி அட்டை, சின்னதா நறுக்கலாம், ஈரத்துக்கும் சீக்கிரம் ஊறாது. வீட்டுல இருந்த அத்தனை பத்திரிகையும் காலி.

சரிவைப் பார்த்ததும் ஸ்லெட் தொய்யுதுன்னு முடிவு கட்டிட்டேன். அதுக்குப் பலமா ஒரு இன்ச் எல் ஆங்கிள் அடிச்சேன், கேக்கல. ஒன்றரை இன்ச் போட்டேன், அப்பவும் அதே 1.2 மில்லி. தொய்வுன்னா நடுவுலல்ல பள்ளம் விழணும்? ரெண்டு முனையும் சமமா இருக்கணுமே! இது மூணாம் நாள்தான் உறைச்சுது. அப்புறம் பலகையைத் தொடாம, வலதுல இருந்து இடதுக்கு மாத்தி ஓட்டிப் பார்த்தேன். இப்ப இடது முனை மெலிசு! அப்போ ஜிக் மேல தப்பே இல்ல. ஓட ஓட டிரிம்மர்ல இருக்குற பிட், அதாவது வெட்டுற அலகு, கீழ இறங்குது.

கழட்டிப் பார்த்தா பிட்டோட தண்டுல பளபளன்னு வளையம் வளையமா தேஞ்சிருக்கு. வெர்னியர் வச்சா 5.98. அந்தத் தண்டைக் கவ்விப் பிடிக்கிற காலெட்டோ கால் இன்ச், அதாவது 6.35. கடையில நான் கேட்டது "ரெண்டு நூல் தண்டு". ஒரு இன்ச்சுக்கு எட்டு நூல், அப்போ ரெண்டு நூல் 6.35 தானே? ஆனா நம்ம கடைகள்ல ரெண்டு நூலும் ஆறு மில்லியும் ஒண்ணுதான். ப்ளை வாங்குறப்போ அந்தக் கணக்கால ஒரு நட்டமும் இல்ல. காலெட்ல 0.35 மில்லி போதும். ஸ்பேனர் போட்டு இறுக்குனா பிடிச்ச மாதிரி நடிக்கும், அதிர அதிர நழுவும். இத்தனைக்கும் முறைப்படி தண்டை அடி வரைக்கும் தள்ளாம ரெண்டு மில்லி தூக்கித்தான் இறுக்கினேன். நிமிஷத்துக்கு 30,000 சுத்து சுத்துற மிஷின்ல 22 மில்லி பிட். கழண்டு பறந்திருந்தா? நினைச்சா இப்பவும் வயித்தைக் கலக்குது.

இதுல கேவலம் என்னன்னா, ஆறு மில்லி காலெட் டிரிம்மர் பெட்டியிலயே ஒரு பிளாஸ்டிக் பையில கிடந்துச்சு. வாங்கின நாள்ல இருந்து பிரிக்கவே இல்ல.

மாத்திப் போட்டு, ஒரு ஓட்டத்துக்கு அரை மில்லி மட்டும் இறக்கி ஓட்டினேன். 15.8, 15.8, நடுவுல 15.7. மட்டப்பலகை வச்சு வெளிச்சத்துல பார்த்தா இடுக்குல வெளிச்சக் கோடு தெரியல! அண்ணாச்சியைக் கூப்பிட்டுக் காட்டினேன். ரெண்டு தடவை திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, "ம்"னார். அவர்கிட்ட அது பெரிய பட்டம்.

குழி எடுக்க வட்ட மூக்கு பிட் வேணும், 14 குழிக்கும் ஒரே டெம்ப்ளேட். நேத்து தென்காசியில கடைக்கே வெர்னியரோட போயிட்டேன். "என்ன சார், தங்கமா வாங்க வந்திருக்கீங்க?"ன்னு சிரிச்சாங்க. ரெண்டு பிட்டை அளந்து திருப்பிக் கொடுத்து, கால் இன்ச் காலெட்டுக்குச் சரியா மூணாவது 6.34 வந்ததும்தான் காசு எடுத்தேன். அயினி மரம் கிடைச்சா அடுத்தது அஞ்சறைப் பெட்டி.

பலகையோட மறுபக்கம் இன்னும் தொடல. ஒரு பக்கம் மட்டும் சீவி விட்டா இந்த ஈரத்துல திரும்பவும் வளையும், அதனால சுவத்துல சாய்ச்சு காத்தாட நிறுத்தியிருக்கேன். இன்னைக்கு முடிச்சிருக்கலாம், மதியத்துல இருந்து கரண்ட் இல்ல.