கல்லாறில் மேல் ராடு அசையும்போது

மேட்டுப்பாளையம் என்றால் பலருக்கு உருளைக்கிழங்கு மண்டியும் ஊட்டி பஸ்ஸும்தான். நீராவி என்ஜின் பித்து பிடித்தவர்களுக்கு மட்டும் அந்த ஊர் காலை 7.10 மணி வண்டி. சென்னையிலிருந்து நீலகிரி எக்ஸ்பிரஸ் வந்து நின்றதும், பக்கத்தில் மீட்டர் கேஜில் காத்திருக்கும் ஊட்டி மலை ரயிலுக்கு ஓட்டமும் நடையுமாக ஒரு கூட்டம் மாறும். அதில் பாதிப் பேர் என்ஜினைத் தேடி முன்பக்கம் போய் ஏமாந்து திரும்புவார்கள். என்ஜின் பின்னால் நின்று பெட்டிகளைத் தள்ளும். மலையில் இணைப்பு அறுந்தாலும் பெட்டிகள் சரிவில் உருண்டு ஓடாமல் என்ஜின்மேல் சாய்ந்து நிற்க வேண்டும், அதற்குத்தான்.

டிரைவருக்கு இதனால் முன்பாதை தெரியாது. ஒவ்வொரு பெட்டியின் முனையிலும் ஒரு பிரேக்ஸ்மேன் பச்சை, சிவப்புக் கொடிகளோடு நிற்பார். முதல் பெட்டியில் காட்டிய கொடியைப் பார்த்து அடுத்தடுத்தவரும் அதையே காட்ட, சைகை பின்னால் வரும். முதல் வகுப்பு முன்பக்கம் இருப்பதால் காட்சி அங்கே நன்றாக இருக்கும். சத்தம் வேண்டுமென்றால் கடைசிப் பெட்டிதான். காசு அதிகம் கொடுத்தவர்களுக்கு என்ஜின் கேட்பதே இல்லை என்பது இந்த வண்டியின் வேடிக்கை. எப்படியானாலும் முன்பதிவு திறக்கும் நாளிலேயே டிக்கெட் எடுத்துவிடுங்கள். வெள்ளைச் சட்டை மட்டும் வேண்டாம்.

கல்லாறு வரை பாதை கிட்டத்தட்ட சமதளம். இந்த எக்ஸ் வகை என்ஜினின் பக்கவாட்டில் மேலொன்றும் கீழொன்றுமாக இரண்டு சிலிண்டர்கள் இருக்கும். இரு பக்கமும் சேர்த்து நான்கு. சிலிண்டரின் அசைவைச் சக்கரத்துக்குக் கடத்தும் தண்டுகள்தான் ராடுகள். கல்லாறு வரை கீழ் ராடுகள் மட்டும் ஓடும், மேல் ராடுகள் சும்மா கிடக்கும். கல்லாறு ஸ்டேஷனைத் தாண்டியதும் இரு தண்டவாளங்களுக்கும் நடுவே பல் பட்டைகள் தொடங்குகின்றன. இரட்டைப் பட்டை, ஒன்றின் பல் மற்றதின் இடைவெளிக்கு நேரே வரும்படி தள்ளிப் பதித்திருப்பதால், என்ஜினின் அடியில் உள்ள பல்சக்கரத்தின் பிடி ஒரு கணமும் விடாது. நுழைகிற இடத்தில் பட்டை ஸ்பிரிங்மேல் நிற்கிறது. வண்டி நடை வேகத்துக்குக் குறைந்து, பல்லோடு பல் பொருந்தியதும் அந்தப் பல்சக்கரத்தை ஓட்டும் மேல் ராடுகளும் சுழலத் தொடங்கும். கவனித்துப் பாருங்கள்: மேலே உள்ளவை கீழே உள்ளவற்றைவிட வேகமாகச் சுற்றும். கீழ் சிலிண்டரில் வேலை செய்து முடித்த நீராவிதான் மேல் சிலிண்டருக்குப் போகிறது. அழுத்தம் குறைந்த நீராவிக்கு அதிக இடம் வேண்டும். சிலிண்டரைப் பெரிதாக்குவதற்குப் பதிலாக, பல்லிணைப்பு (கியர்) வைத்து வேகமாக ஓடவிட்டார்கள் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் பொறியாளர்கள். 1914 முதல் அங்கிருந்து வந்த என்ஜின்கள் இவை.

இங்கிருந்து குன்னூர் வரை சுமார் 20 கிலோமீட்டரில் 1,300 மீட்டர் ஏற்றம். செங்குத்தான இடங்களில் 12 அடிக்கு ஓர் அடி. வேகம் மணிக்கு 13 கிலோமீட்டரைத் தாண்டாது. வேலை முடித்த நீராவி புகைபோக்கி வழியாக வெளியே போய்விடுவதால் தண்ணீர் தீர்ந்துகொண்டே இருக்கும். ஹில்குரோவ், ரன்னிமேடு என நின்று நின்று நிரப்ப வேண்டும். ஹில்குரோவில் இறங்கி காபி குடிக்கலாம்; பொட்டலத்தை மட்டும் குரங்குக்குத் தெரியாமல் பிரியுங்கள்.

ஃபயர்மேனின் கண் நெருப்பைவிட அதிகம் இருப்பது தண்ணீர்க் கண்ணாடிக் குழாயில். சரிவில் பாய்லருக்குள் தண்ணீர் தாழ்ந்த பக்கம் ஒதுங்கும், சமதளத்தில் காட்டிய அளவு அங்கே பொய்யாகிவிடும். நெருப்புப் பெட்டியின் கூரைமேல் தண்ணீர் இல்லாமல் போனால் தகடு பழுத்து இளகும். அதற்குமுன் எச்சரிக்கத்தான் கூரையில் ஈயம் அடைத்த ஒரு திருகு. ஈயம் உருகினால் நீராவி நெருப்பின்மேல் பாயும், அன்றைய ஓட்டம் அத்தோடு சரி.

கரி காலத்தில் இன்னொரு தொல்லையும் உண்டு. சாம்பல் அதிகமுள்ள கரி உருகிக் கட்டிதட்டி அடிச்சல்லடையை மூடிவிடும். காற்று ஏறாது, நெருப்பு மங்கும், பிரஷர் இறங்கும், வண்டி நடு ஏற்றத்தில் நின்றுவிடும். கம்பியால் குத்திக் கட்டியை உடைத்து, மறுபடி நீராவி கட்டும்வரை காட்டுக்குள் காத்திருக்க வேண்டியதுதான். தீப்பொறி பறந்து காய்ந்த புல் பற்றுவதும் நடக்கும். எண்ணெய் எரிப்புக்கு மாறியதில் இவை குறைந்தன. திருச்சி பொன்மலை பணிமனை 2011 முதல் எண்ணெயில் எரியும் புது எக்ஸ் என்ஜின்களையே கட்டித் தந்தது. 2021-இல் அதே பணிமனையிலிருந்து கரியில் ஓடும் புது என்ஜின் ஒன்றும் வந்தது. கரிப்புகை வாசத்துக்கு இன்னும் ஆள் இருக்கிறது!

குன்னூரில் நீராவி என்ஜின் கழன்று ஷெட்டுக்குப் போய்விடும். மேலே டீசல்தான், பல் பட்டையும் கிடையாது. கார்டைட் வெடிமருந்துத் தொழிற்சாலை இருக்கும் அருவங்காடு வழியாக ஊட்டி போய்ச் சேருவதற்குள் நண்பகல் ஆகிவிடும். நீராவிக்காக மட்டும் வருபவர்கள் குன்னூரிலேயே இறங்கிக்கொள்ளலாம். அக்டோபர், நவம்பரைத் தவிருங்கள். வடகிழக்குப் பருவமழையில் பாதைமேல் மண் சரிந்து, முன்பதிவு செய்த வண்டியே ரத்தாகும்.