எண்ணூர்ச் சேற்றில் நடக்கும் மீன்

வடசென்னையில் எண்ணூர் கழிமுகத்துக்குக் கிளம்புகிறவர்கள் ரயில் நேரத்தைக் கடைசியில் பாருங்கள். முதலில் பார்க்க வேண்டியது வத்தம், அதாவது கடல்நீர் வடிந்து தாழ்வது, எத்தனை மணிக்கு என்பது. தண்ணீர் ஏறி நிற்கும்போது போனால் கண்டல் செடியின் தலையும் பாலமும்தான் தெரியும். வத்தத்தில் போனால் அதே இடத்தில் மீன் நடக்கும்!

உளுவைச் சாதிதான் அது. ஆங்கிலப் பெயர் மட்ஸ்கிப்பர். இங்கே ஏத்தமும் (நீர் ஏறுவது) வத்தமும் நாளுக்கு இரண்டு முறை. நேரம் தினமும் ஐம்பது நிமிடம் போலத் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய இரண்டு மூன்று நாளில் சேறு அதிகம் வெளியே வரும். அப்போதும் சென்னைக் கடலில் ஏத்தத்துக்கும் வத்தத்துக்கும் சுமார் ஒரு மீட்டர்தான் வித்தியாசம், அதனால் நேரம் தப்பினால் நாளே போச்சு. செல்போன் ஆப் காட்டுவது கடலோர நேரம். கழிக்குள் வத்தம் அதைவிடத் தாமதமாக வரும். முகத்துவாரம் மணலடித்துத் தூர்ந்திருக்கிற நாட்களில் இந்தக் கணக்கு எதுவும் செல்லாது. ஊர்க்காரர்களைக் கேட்பதே சரி.

கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் எண்ணூர் வரை ஒரு டீ விலைக்குள் வந்துவிடலாம். ஸ்டேஷன் வாசலில்தான் பர்ஸுக்கு ஆபத்து. கேமரா பையைப் பார்த்ததும் ஷேர் ஆட்டோ முழு ஆட்டோவாகி, போக வர, வெயிட்டிங் என்று வாடகை ஏறுகிறது. அநியாயம். மீன் பார்க்க இரண்டு மணி நேரமாவது ஆகும், வெயிட்டிங் காசு வாடகையைத் தாண்டிவிடும். போக மட்டும் பேசுங்கள். படகும் வேண்டாம், இன்ஜின் சத்தம் கேட்டால் அத்தனையும் வளைக்குள் போய்விடும்.

வத்தத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே கரையில் உட்கார்ந்துவிட வேண்டும். நிற்கக் கூடாது, நிழல் சேற்றில் விழக் கூடாது. பத்து நிமிடம் அசையாமல் இருந்தால் முதலில் நண்டு வரும், பின்னால் உருண்டைக் கண் இரண்டு எட்டிப் பார்க்கும். 8x42 பைனாகுலர் போதும். உடம்பில் நீலப் புள்ளி மின்னுவது போலியோஃப்தால்மஸ் என்ற வகை. தலையை இடமும் வலமும் ஆட்டிச் சேற்றின் மேல்பாசியை வழித்துத் தின்னும். அதைவிடச் சின்னதாக, நீர் ஓரத்தில் துள்ளுவது பெரியோஃப்தால்மஸ். பூச்சி, குட்டி நண்டு பிடிக்கும். மார்புத் துடுப்பை ஊன்றி நகர்வதும், கண்ணைக் குழிக்குள் இழுத்து நனைத்துக்கொள்வதும், முதுகுத் துடுப்பை விசிறி போல் விரித்து எதிராளியை மிரட்டுவதும் எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காத காட்சி. நடுவில் உருண்டு புரண்டால் அது விளையாட்டில்லை. தோல் வழியாகவும் மூச்சு விடுவதால் உடம்பைக் காயவிடக் கூடாது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து இந்தக் கழியில் படிந்தது எவ்வளவு பெரிய கொடுமை என்பது இதை நேரில் பார்த்தால் புரியும். தோலால் மூச்சு விடும் உயிரின் மேல் எண்ணெய்ப் படலம்! அனல்மின் சாம்பல் இறுகிப்போன மேட்டில் வளை தேடுவது வீண். மீன் தோண்டுவதற்கு இளகிய சேறு வேண்டும். தென் அமெரிக்காவிலிருந்து வந்த காக்கா ஆழி என்ற சிப்பி கம்பளம் போல் மூடிய இடமும் அப்படித்தான். அங்கே இறால்கூடப் புதைய முடியாது. வாயில் பறியை (மீன் போடும் கூடை) கவ்விக்கொண்டு கையால் இறால் தடவும் இருளர்களுக்கு அது நேரடி நஷ்டம்.

சேற்றில் இறங்காதீர்கள். முழங்கால் வரை வாங்கும், செருப்பு உள்ளேயே தங்கிவிடும், வெறுங்காலை ஆழி ஓடு கிழிக்கும். மிதித்தால் வளையும் போச்சு. குடிதண்ணீர் இரண்டு லிட்டர், தொப்பி, கால் கழுவத் தனி பாட்டில்.

காலை வத்தம் வெயிலுக்கு நல்லது. ஆனால் பிற்பகல் வத்தம் கிடைத்தால், திரும்பும் வழியில் பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோ என்ற பர்மா நூடுல்ஸ் சாப்பிடலாம். ஆரஞ்சு நிற நூடுல்ஸில் கோஸ், பொரித்த வெங்காயம், புளித்தண்ணீர், பூண்டு எண்ணெய், நொறுக்கிய பேஜோ (மொறுமொறு வடை) எல்லாம் போட்டுக் கையாலேயே பிசைந்து தருவார்கள். கூட வாழைத்தண்டு சூப். காரம் குறைவாக என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், பிசைந்த பிறகு ஒன்றும் செய்ய முடியாது. ஆட்டோவில் மிச்சம் பிடித்த காசுக்கு முட்டை மசாலாவும் ஒன்று வாங்கலாம்.