நகலை அளப்பவர்களுக்காக

புதைபடிவ வார்ப்பு, அதாவது புதைபடிவ எலும்புக்கு ரப்பரில் அச்செடுத்துச் சாந்தில் நகல் வார்க்கும் வேலை, பழகத் தொடங்கிய நாட்களில் நான் எடுத்த முதல் அச்சு, விரல் நீளமே இருந்த ஒரு பல்லினுடையது. சிலிகான் ரப்பரைக் கலந்து, பொறுமையின்றி ஒரே மூச்சில் ஊற்றிவிட்டேன். பல்லின் விளிம்பில் காற்றுக்குமிழி ஒன்று சிக்கியதை அறியவில்லை. மறுநாள் பாரிஸ் சாந்தில் வார்த்தெடுத்தபோது, மூலத்தில் இல்லாத கடுகளவு மேடு ஒன்று அங்கே முளைத்திருந்தது. சாந்தில் குமிழி இருந்தால் பள்ளம் விழும். பிழையென்று பார்த்ததுமே தெரிந்துவிடும். அச்சில் சிக்கிய குமிழியோ, எலும்பின் இயல்பான புடைப்பைப் போலவே வேடமிட்டு, அளப்பவரை ஏமாற்றும்.

அதனால் முதல் பூச்சைத் தூரிகையால் மெல்லியதாகத் தடவி, ஒவ்வோர் இடுக்கிலும் புகுத்திய பிறகே அடுத்த பூச்சுக்குப் போக வேண்டும். அதற்கும் முன்பாக, நொறுங்கும் எலும்பைப் பாரலாய்டு பி-72 என்ற செயற்கைப் பிசின் கரைசலால் கெட்டிப்படுத்தி, ரப்பர் மாட்டிக்கொள்ளக்கூடிய வெடிப்புகளைக் களிமண்ணாலோ மெழுகாலோ அடைக்க வேண்டும். எங்கே அடைத்தோம் என்று குறித்துவைக்காவிட்டால் அந்த மழமழப்பும் எலும்பின் கணக்கில் சேர்ந்துவிடும். லேடெக்ஸ் ரப்பர் மலிவுதான், ஆனால் நாளாக நாளாகச் சுருங்கும். அளவெடுக்கப்போகும் நகலுக்கு நான் அதைத் தொடுவதில்லை.

இவ்வளவு கறார் எதற்கென்று கேட்பவர்களுக்கு, சீனாவில் கிடைத்த ஆதிமனிதப் புதைபடிவமான பீகிங் மனிதனைத்தான் காட்டுவேன். பெய்ஜிங்குக்கு அருகிலுள்ள சோகோதியனில் 1929 டிசம்பர் 2 அன்று பெய் வென்சோங் கண்டெடுத்த மண்டையோடும், அடுத்தடுத்த ஆண்டுகளில் கிடைத்த எலும்புகளும், போருக்கு அஞ்சி அமெரிக்காவுக்கு அனுப்புவதற்காகப் பெட்டிகளில் அடைக்கப்பட்டு, 1941 டிசம்பரில் பசிபிக் போர் மூண்ட குழப்பத்தில் காணாமல் போயின. இன்றுவரை அவை கிடைக்கவில்லை. நல்லவேளையாக, அவற்றை ஆராய்ந்துவந்த ஃபிரான்ஸ் வைடன்ரைக், அதே ஆண்டின் முற்பகுதியிலேயே சாந்து வார்ப்புகளையும் படங்களையும் குறிப்புகளையும் எடுத்துக்கொண்டு நியூயார்க்குக்குச் சென்றிருந்தார். அந்த மண்டையோடுகளில் ஒரு தையல்கோடு (எலும்புகள் இணையும் கோடு) எங்கே ஓடுகிறது என்று இன்று ஐயம் எழுந்தால், விரலால் தடவிப் பார்க்க இருப்பவை வார்ப்புகள் மட்டுமே.

1966இல் அதே இடத்தைத் தோண்டியபோது, ஒரு நெற்றியெலும்பும் ஒரு பிடரியெலும்பும் கிடைத்தன. 1930களில் கிடைத்துத் தொலைந்துபோன துண்டுகளின் வார்ப்புகளோடு அவற்றைச் சேர்த்துப் பார்த்தார்கள். பொருந்தின, ஐந்தாம் எண் மண்டையோட்டின் பகுதிகளே அவை என்று உறுதியாயிற்று. உடைந்த விளிம்பில் என் கடுகளவு மேட்டைப் போல ஒன்று முளைத்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று நினைத்துப் பார்ப்பதுண்டு. வார்த்தவர் கை தவறவில்லை. ஒரு பக்கம் எலும்பும் மறுபக்கம் சாந்துமாக அந்த மண்டையோடு ஒன்று சேர்ந்தது.